கொடுத்ததை வெளியில் சொன்னால் என்ன?

போஸ்ட்மாஸ்டர் அம்மா பதில்கள்

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. உசிலம்பட்டி பக்கம் சொந்த ஊர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகளின் ஆபரேஷனுக்கு உதவுகிற ஒரு டிரஸ்டுக்கு, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அனுப்புகிறேன். என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் தங்கை வளைகாப்பில், டிரஸ்டிலிருந்து வந்த ரசீது என் போனில் வந்து நின்றதைத் தங்கை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பந்தியில் வைத்தே, "எங்க மச்சான் கர்ணன் பரம்பரைல்ல!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சீர், வளையல், பலகாரம் எதிலும் நான் குறை வைக்கவில்லை. ஆனாலும் அப்பா, "ஊரான் பிள்ளைக்கு அள்ளிக் குடுக்கிறவனுக்குத் தங்கச்சிக்கு இன்னொரு பவுன் போட மனசு வரலையே" என்றார். பெரியப்பாவோ, "குடுத்ததை வெளிய சொல்லக் கூடாதுடா, புண்ணியம் போயிரும்" என்றார். நானா சொன்னேன்? கேன்டீனில் ஒருமுறை இரண்டு நண்பர்களிடம் இந்த டிரஸ்டைப் பற்றிப் பேசப்போக, "சார் விளம்பரம் ஆரம்பிச்சிட்டாரு" என்று பின்னால் பேச்சு. இனி வாயை மூடிக்கொள்வதா, தைரியமாகச் சொல்வதா?
- பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தம்பி, அந்தப் பந்தியில் உங்கள்மேல் ரெண்டு புகார் வைத்திருக்கிறார்கள். ரெண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். சொந்தத்துக்குச் செய்யவில்லை என்பது ஒன்று. செய்தது வெளியே தெரிந்துவிட்டது என்பது இன்னொன்று.

முதல் புகாரில் சத்து இல்லை. சீரில் குறையில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதே பணத்தைத் தவணை கட்டி ஒரு புல்லட் வாங்கியிருந்தால் அப்பா அதில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்திருப்பார். அந்த ஒரு பவுன் யார் நினைவுக்கும் வந்திருக்காது. நமக்கென்று செலவு செய்தால் அது நம் பணம், அடுத்தவருக்குக் கொடுத்தால் மட்டும் அது குடும்பத்துப் பணமாகிவிடுகிறது. இந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் உண்டு.

பெரியப்பா சொன்னதுதான் யோசிக்க வேண்டியது. சொன்னால் புண்ணியம் போய்விடும் என்று அவர் பயப்படுகிறார். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் செய்முறைக்குப் பேர்போன பக்கம். கிடாயும் தட்டுவரிசையும் மேளம் முழங்கத்தான் மண்டபத்துக்குள் வரும். மொய் எழுதுகிற மேஜையில் இன்னார், இந்த ஊர், இவ்வளவு என்று மைக்கில் வாசிப்பார்கள். இப்போது கம்ப்யூட்டர் வைத்துக் கையோடு ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். அங்கே யாரும் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அது நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும் பணம். திரும்பி வராத பணத்தைப் பற்றிப் பேசினால்தான் நமக்குப் பெருமையடிப்பதாகப் படுகிறது. "வறியார்க்கொன்று ஈவதே ஈகை" என்று ஆரம்பித்து, மற்றதெல்லாம் "குறியெதிர்ப்பை நீரது" என்று வள்ளுவர் முடிக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி அதே படியால் அளந்து திருப்பிக் கொடுக்கிறோமே, அதுதான் குறியெதிர்ப்பை. அந்தக் கணக்கை மைக்கில் வாசிப்போமாம், ஈகையை மட்டும் முந்தானையில் முடிந்து வைப்போமாம்!

மறைத்துக் கொடுப்பதுதான் நம் முன்னோர் வழக்கம் என்று யாராவது சொன்னால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் விமானத்திலே கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் உத்தரவு போட்டிருக்கிறான். அந்த "மற்றும் கொடுத்தார்" என்கிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராஜா வீட்டுக் கொடைக்குப் பக்கத்திலேயே மற்றவர்கள் கொடுத்ததும் எழுத்தில் நிற்கிறது.

அது வெறும் பெருமைக்காக வெட்டியதும் இல்லை. அந்தக் காலத்தில் கோயிலில் அணையாமல் எரிகிற ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். அவருக்குப் பிறகு அவர் வாரிசும் அளக்க வேண்டும். கல்லில் எழுதியிருந்தால்தானே மூன்றாம் தலைமுறையில் ஒருத்தர், "நெய் எங்கேப்பா?" என்று கேட்க முடியும்? பச்சையப்ப முதலியார் காலமானது 1794ல். தர்மத்துக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்தப் பணம் வழக்கும் வாய்தாவுமாக இழுபட்டு, நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1842ல்தான் அவர் பேரில் பள்ளிக்கூடம் வந்தது. தர்மப் பணத்துக்கு நாலு பேர் கண் மேலே இருப்பது நல்லது.

இன்னொன்று சொல்கிறேன், இது நானே பார்த்தது. ராஜபாளையம் பக்கம் ஒரு சின்ன தபால் ஆபீசில் மணியார்டர் கவுன்ட்டரில் இருந்தேன். மாத முதல் வாரத்தில் வழக்கமாக வருகிற முகங்கள் உண்டு. மில்லில் வேலை பார்த்த ஒருவர், ஒரு தொழுநோயாளர் இல்லத்துக்குப் பணம் அனுப்புவார். 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். அந்தச் சில்லறையைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். ஃபாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு இடம் இருக்குமே, அதில் ஒரு எழுத்துகூட எழுத மாட்டார். அவர் தெருவிலேயே இருந்த பலசரக்குக் கடைக்காரர் அதே இல்லத்துக்கு, அதே வாரத்தில் அனுப்புவார். அவரும் அந்த இடத்தைக் காலியாகத்தான் விடுவார். ஒருவருக்கு மற்றவர் அனுப்புவது தெரியாது. ஒருநாள் மில்காரர் என்னிடம், "எங்க தெருவுல என்னை மாதிரி கிறுக்கன் வேற எவனும் இருக்க மாட்டான்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று நான் வாயைத் திறக்கக் கூடாது, அது துறை விதி. அவர்களுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. ஆனாலும் ரெண்டு பேரும் கடைசிவரை பேசவில்லை.

உங்கள் கேன்டீனிலும் அப்படி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

சொன்னதால் நாடே மாறிய கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவனின் உறுப்புகளை, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி சென்னைச் சாலையில் அந்த இதயம் போனதை ஊரே பார்த்தது. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்று அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் அதையும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்தத் துக்கத்திலும் அவர்கள் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் மூளைச்சாவு என்றால் என்ன என்று டீக்கடையில்கூடப் பேச ஆரம்பித்தார்கள். உறுப்பு தானத்தில் தமிழ்நாடு முன்னால் வந்ததில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023ல் அறிவிப்பே வந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த முடிவை எடுக்கிற குடும்பத்துக்கு, நமக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அது பெரிய தெம்பு.

சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் தங்கையிடம் தனியாகச் சொல்லுங்கள். பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது நீங்கள் மட்டும் இல்லை, அந்தப் பெண்ணும்தான். பிறகு அப்பா. அவருக்கு வலி பணத்தில் இல்லை, மகன் செய்கிற காரியம் மாப்பிள்ளை வாயால் தெரியவந்ததில். வாடகை, சீட்டு, அம்மா மருந்து, தங்கை சீருக்கு எடுத்து வைப்பது, டிரஸ்டுக்குப் போவது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். டிரஸ்டுக்குப் போகிற பணம் வீட்டுக் கணக்கில் ஒரு வரியாகத் தெரியட்டும், ரகசியமாகத் தெரியக் கூடாது. மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள். கர்ணன் என்று கிண்டல் செய்கிறவர் கடன் கேட்டு வருகிற நாளும் வரும். "அது ஒதுக்கி வச்ச பணம், என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு அவருக்குக் காபி கொடுங்கள்.

கேன்டீனில், "நீங்களும் கொடுங்க" என்று ஆரம்பித்தால் ஆள் எழுந்து கை கழுவப் போய்விடுவார். எங்கே கொடுக்கிறேன், எவ்வளவு கொடுக்கிறேன், அந்த டிரஸ்ட் கணக்கை எப்படிக் காட்டுகிறது, இதோடு நிறுத்துங்கள். யாராவது கேட்டால் மேலே பேசலாம். தொகையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் பத்தில் ஒன்று என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் டோபி ஆர்ட் என்ற தத்துவ ஆசிரியர் 2009ல் இதே பத்தில் ஒன்றை வைத்து ஒரு அமைப்பையே தொடங்கினார். சேர்கிறவர்கள் வாழ்நாள் முழுக்கக் கொடுப்பதாக வெளிப்படையாக உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒருவர் கொடுப்பது அடுத்தவர் கண்ணில் பட வேண்டும் என்பது அவர்கள் திட்டத்திலேயே இருக்கிறது. சொல்வதற்குக் கூச்சப்படுகிறவர்கள் உசிலம்பட்டியில் மட்டும் இல்லை தம்பி.

போனில் எட்டிப் பார்த்த அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருடக் கடைசியில் டிரஸ்ட் தருகிற நன்கொடைச் சான்றிதழில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிக்கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்குக் கழிவு கிடையாது.

கேள்வி: மகனின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட விரும்புகிறோம். நாங்கள் பரிமாறுவதையும் குழந்தைகள் கேக் சாப்பிடுவதையும் படமெடுத்து இணையத்தில் போட்டால் இன்னும் நாலு பேர் உதவ வருவார்கள் என்கிறார் இல்லத்தின் மேலாளர். என் கணவருக்கு இஷ்டமில்லை. நீங்கள் சொல்லுங்கள்.
- ஈரோடு வாசகி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். ஓசூர்த் தம்பியிடம் சொல்லு என்றவள் உங்களிடம் படம் வேண்டாம் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். அவர் சொல்லப்போவது தன்னைப் பற்றி. நீங்கள் காட்டப்போவது அடுத்தவர் பிள்ளையின் முகத்தை. தட்டோடு நிற்கிற படம் பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை கல்லூரியில் படிக்கும்போது கூட்டாளி போனில் வந்து நிற்கும். யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்று தேதியோடு இருக்கும்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பேர், முகம், பள்ளிக்கூடம் என்று அடையாளம் தெரிகிற எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். மேலாளரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தே இருக்கலாம்.

நீங்கள் கொடுத்ததைப் போட ஆசையென்றால் மகன் படத்தைப் போட்டு, இல்லத்தின் பேரையும், "இங்கே கொடுத்தோம்" என்பதையும் எழுதுங்கள். போதும். அப்படியே ஒரு விஷயம்: பிறந்தநாள் பிரியாணி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மாதிரி இல்லங்களுக்கு வந்து குவியும். சில நாள் ஒரே மதியத்துக்கு ரெண்டு குடும்பம் பாத்திரத்தோடு வந்து நிற்கும். கரன்ட் பில்லும் செருப்பும் சானிட்டரி நாப்கினும் யார் பிறந்தநாளுக்கும் வராது. என்ன வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் சபையில் அசன விருந்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவர்களின் பெயர்களை ஆராதனையில் வாசிக்கிறார்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்ற வேதத்துக்கு இது விரோதமல்லவா? ஓய்வு பெற்ற ஆசிரியரான என் கேள்வி யாருக்கும் ரசிக்கவில்லை.
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: வாத்தியார் ஐயா, வேதத்தில் உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். நீங்கள் காட்டுகிற வசனம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்திலேயே, மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று வருகிறதே. ரெண்டையும் சொன்னவர் ஒருவர்தான். அவர் கோபப்பட்டது தாரை ஊதிக்கொண்டு தர்மம் செய்கிறவர்கள்மேல். காணிக்கைப் பெட்டியில் ரெண்டு காசு போட்ட ஏழை விதவையைச் சீஷர்களைக் கூப்பிட்டுச் சுட்டிக்காட்டியவரும் அவர்தான்.

காயல்பட்டினத்துச் சிநேகிதி ஒருத்தி குர்ஆனிலும் ரெண்டும் இருக்கிறது என்பாள். இரண்டாம் அத்தியாயம் 271ஆம் வசனத்தில், தர்மத்தை வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் நல்லது என்று வருகிறது. மறைப்பதுதான் ஒரு படி மேல் என்கிற உங்கள் கட்சிக்கு அங்கேயும் இடமிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிப்படையாகக் கொடுப்பதைப் பாவம் என்று சொல்லவில்லை.

உங்கள் சபையில் நான் கேட்பதென்றால் வேறு கேள்வி கேட்பேன். மூட்டைக் கணக்கில் கொடுத்தவர் பேரை வாசிக்கிறார்கள் சரி, படிக்கணக்கில் கொடுத்தவர் பேரையும் வாசிக்கிறார்களா? வாசித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு "உபயம்" எழுதுகிற கூட்டம் நாம். கொடுத்ததைச் சொல்கிறவன் எல்லாம் ஒன்று ஓட்டுக்கு, இல்லை பேருக்கு. சரிதானே?
- மயிலாப்பூர் வாசகர்

பதில்: டியூப் லைட்டைப் பற்றிச் சொன்னது சரி, நானும் அந்த இருட்டில் செருப்பைத் தேடியிருக்கிறேன். மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பேருக்காக ஒருவர் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினால் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடைக்கிறது, அவருக்குப் பேர் கிடைக்கிறது. இதில் நமக்கென்ன நஷ்டம்? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் அழகப்பச் செட்டியார். ஊரறியக் கொடுத்தார். "ஈதல் இசைபட வாழ்தல்" என்று கொடுப்பதையும் புகழையும் ஒரே மூச்சில் சொன்ன குறளை நீங்களும் பள்ளியில் ஒப்பித்திருப்பீர்கள். ஓட்டுக்காகக் கொடுப்பது தர்மத்தில் சேராது, அது முன்பணம். அதை இந்தப் பேச்சில் கலக்காதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் 200 ரூபாய் அனுப்புகிறேன். மாமியாருக்குத் தெரிந்ததிலிருந்து, "தனக்கே வழியில்லையாம், தானத்துக்குக் கிளம்பிட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். இந்தச் சின்னத் தொகையைக் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது அக்கா.
- சிவகாசி வாசகி

பதில்: நிறுத்தாதே தாயி. உன் மாமியார் காலத்தில் பிடியரிசி என்று ஒன்று இருந்தது, அவரிடமே கேட்டுப் பார். உலை வைக்கிறதுக்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் தெருவில் ஆள் வந்து வாங்கிப் போகும். எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்த வீட்டிலிருந்து வரவில்லை என்று தெருவுக்கே தெரியும். ஒரு பிடிதானே என்று யாரும் வெட்கப்பட்டதில்லை. வடலூரில் வள்ளலார் 1867ல் தருமசாலை ஆரம்பித்தபோது நிலம் கொடுத்தவர்கள் பக்கத்துப் பார்வதிபுரத்து ஜனங்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

உன் உழைப்புக் காசு, நீ கொடுக்கிறாய். 200 ரூபாய் அந்த இல்லத்தில் ஒரு பாட்டிக்குப் பல நாள் பால் வாங்கும். மாமியாரிடம் சண்டை போடாதே. அடுத்த தடவை இல்லத்துக்குப் போகும்போது, "அத்தை, நீங்களும் வாங்க, உங்க வயசுக்காரங்க இருக்காங்க, பேசிட்டு வரலாம்" என்று கூப்பிடு. வந்தால் நல்லது. வராவிட்டால், ரசீதை பீரோவுக்குள் ஒளித்து வைக்காமல் ஹாலில் காலண்டர் ஆணியில் குத்தி வை. வருகிறவர் போகிறவரிடம் அவர் சொல்லும்போது தொகையையாவது சரியாகச் சொல்லட்டும்.